சாக்லெட் பதமாக்கும் இயந்திரம்: வீட்டுக்கு வாங்கலாமா?

சென்ற சித்திரையில் ஒரு நாள் மாலை. நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசிக்கும் என் பழைய மாணவி ஒருவர், ஒரு தட்டும் ஒரு துண்டுப் பிரசுரமுமாக வீட்டுக்கு வந்தார். தட்டில் அவரே செய்த சாக்லெட்டுகள் இருந்தன. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ படர்ந்திருந்தது.

“பூஞ்சை பிடிச்சிருக்குன்னு கடைக்காரர் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டாரு சார். இந்த மிஷினை வாங்கினா சரியாப் போயிருமாம். குழுவுல கடன் கேட்டிருக்கேன். வாங்கலாமா?” என்றார்.

பிரசுரத்தில் இருந்தது வீட்டு உபயோகத்துக்கான சாக்லெட் பதமாக்கும் இயந்திரம். வியாபாரிகள் அதை ‘டெம்பரிங் மிஷின்’ என்கிறார்கள். விலை 42,000 ரூபாய். அதன் கீழே மூன்று வாக்குறுதிகள் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தன. எந்தச் சாக்லெட்டையும் பதமாக்கும். எந்தப் பருவத்திலும் வேலை செய்யும். பழக்கமே இல்லாதவரும் பொத்தானை அழுத்தினால் போதும்.

பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போகாமல், வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்க விரும்பும் குடும்பத்துக்கு 42,000 ரூபாய் சிறிய தொகையன்று. ஆகவே அந்த மூன்று வாக்குறுதிகளையும் இயற்பியல் கண்கொண்டு பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தோம். நாங்கள் கண்டதை, இதே கேள்வியுடன் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக இங்கே தருகிறேன்.

பதம் என்பது என்ன?

நெய் காய்ச்சும் வீடுகளில் எல்லோரும் கண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. காய்ச்சிய நெய்யை அப்படியே மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறைகிறது. அதே நெய்யைச் சூட்டோடு குளிர்பெட்டியில் வைத்தால் வழவழவென்று மெழுகு போல் உறைகிறது. நெய் ஒன்றுதான், குளிர்ந்த விதம் வேறு. கொழுப்பின் மூலக்கூறுகள் தம்மை அடுக்கிக்கொள்ளும் முறை, குளிரும் வேகத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதே இதன் பொருள்.

சாக்லெட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் இந்த வகையில் மிகவும் பிடிவாதமான கொழுப்பு. அது ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது என்பதை வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966-இல் வெளியிட்டனர். முதல் வகைப் படிகம் 17.3 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டாவது 23.3 டிகிரியிலும், மூன்றாவது 25.5 டிகிரியிலும், நான்காவது 27.5 டிகிரியிலும், ஐந்தாவது 33.8 டிகிரியிலும், ஆறாவது 36.3 டிகிரியிலும் உருகும். இக்கட்டுரையில் வரும் எல்லா வெப்பநிலைகளும் செல்சியஸ் அளவில் உள்ளவை.

இவற்றுள் நமக்கு வேண்டியது ஐந்தாம் வகை மட்டுமே. கையில் பிடித்தால் உருகாது. நம் உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்குச் சற்றுக் கீழே உருகுநிலை இருப்பதால் வாயில் போட்டதும் கரையும். ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியும், மேற்பரப்பு பளபளக்கும், உறையும்போது சுருங்குவதால் அச்சிலிருந்து தானே கழன்று விழும். மற்ற வகைகள் கலந்து உறைந்த சாக்லெட் பிசுபிசுக்கும். நாளடைவில் அதிலுள்ள கொழுப்பு மேற்பரப்புக்கு வந்து வேறு படிகமாக மாறிச் சாம்பல் பூக்கும். என் மாணவியின் தட்டில் இருந்தது இந்தக் கொழுப்புப் பூப்புதான், பூஞ்சையன்று. உண்பதால் தீங்கில்லை. ஆனால் கடைக்காரருக்கு அதை யார் சொல்லிப் புரிய வைப்பது?

ஐந்தாம் வகையை மட்டும் வரவழைக்கும் உபாயம்தான் பதமாக்கல். பாலில்லாத கறுப்புச் சாக்லெட்டை முதலில் 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்குவார்கள். எல்லாப் படிகங்களும் உருகிவிடும். பிறகு கிளறிக்கொண்டே 27 அல்லது 28 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். நான்காம், ஐந்தாம் வகைப் படிகங்கள் முளைக்கும். அடுத்து மறுபடி 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றுவார்கள். மேலே சொன்ன எண்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். 27.5 டிகிரியில் உருகும் நான்காம் வகை இப்போது அழிந்துவிடும், 33.8 டிகிரி வரை தாங்கும் ஐந்தாம் வகை மட்டும் எஞ்சி நிற்கும். எஞ்சிய அந்த விதைகளைப் பின்பற்றியே மீதிக் கொழுப்பு முழுவதும் உறையும். பனங்கற்கண்டு செய்வோர் பாகில் நூலைக் கட்டிவிடுவதும், முதலில் நூலில் பிடித்த படிகத்தின் மேலேயே மற்றவை வளர்வதும் இதற்கு நல்ல உவமை. பாற்சாக்லெட்டுக்கு இந்த எண்கள் யாவும் ஓரிரு டிகிரி குறைவு.

நம் வட்டாரத்தில் தீக்குச்சிகளை உருகிய மெழுகில் தோய்த்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெழுகுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. உருகினால் போதும், எப்படி உறைந்தாலும் வேலை நடக்கும். சாக்லெட்டில் அது போதாது.

இடையில் மாணவி ஒரு கேள்வி கேட்டார்: “வெளிநாட்டுல நம்ம ஊர் கிரைண்டர்லதான் சாக்லெட் செய்யறாங்களாமே சார், அது பத்தாதா?” கேள்விப்பட்டது உண்மைதான். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலிருந்து அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் உள்ள சிறு சாக்லெட் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தி வருகிறார்கள். ஆனால் அதன் பணி அரைப்பது. கோகோப் பருப்பையும் சர்க்கரையையும் நாக்குக்குத் தட்டுப்படாத அளவு, அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு, அது நைக்கும். படிகத்தை ஒழுங்குபடுத்துவது அதற்குப் பின் வரும் வேறு வேலை.

எந்தச் சாக்லெட்டையும் பதமாக்குமா?

முதல் வாக்குறுதியைச் சோதிக்க, அவர் உருக்கும் கட்டிகளின் உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் கொழுப்பு என்ற இடத்தில் ‘கோகோ வெண்ணெய்’ என்றிருந்தது. மற்றொன்றில் ‘ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு’ என்றிருந்தது. இந்த இரண்டாவதைத்தான் கடையில் ‘காம்பவுண்டு’ என்கிறார்கள். விலை குறைவு என்பதால் இரண்டையும் சரிபாதி கலந்து உருக்கியதாகச் சொன்னார். சாம்பல் பூத்ததற்கான முதற்காரணம் அங்கேயே அகப்பட்டுவிட்டது.

காம்பவுண்டில் பெரும்பாலும் இருப்பது பனைவிதைக் கொழுப்பைப் போன்ற வேறு வகைக் கொழுப்பு. அது எளிதாக ஒரே விதமாக உறைந்துவிடும். அதற்குப் பதமாக்கலே தேவையில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி அச்சில் ஊற்றினால் போதும். காம்பவுண்டு மட்டும் உபயோகிப்பவர் பதமாக்கும் இயந்திரம் வாங்குவது, கண் நன்றாகத் தெரிபவர் மூக்குக்கண்ணாடி வாங்குவது போலத்தான்.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் பற்றாசை நினைத்துக்கொள்ளுங்கள். ஈயம் 327 டிகிரியிலும் வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகுகின்றன. தக்க அளவில் கலந்தால் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. ஒன்றன் அடுக்கில் மற்றொன்று பொருந்தாத இரு பொருள்களைக் கலந்தால் உருகுநிலை இரண்டையும்விடத் தாழ்ந்துவிடும். கோகோ வெண்ணெயும் பனைவிதைக் கொழுப்பும் இதே கதிதான். கலவை மென்மையாகிறது, விரைவில் பூக்கிறது. பனைவிதைக் கொழுப்பாலான காம்பவுண்டு தன் கொழுப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத்தான் கோகோ வெண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும் என்பது தொழில் அறிந்தோர் கணக்கு. சரிபாதிக் கலவையை எந்த இயந்திரத்தாலும் திருத்த முடியாது.

‘எந்தச் சாக்லெட்டையும்’ என்ற சொல் ஆகவே தவறு. தூய கோகோ வெண்ணெய்ச் சாக்லெட்டுக்கு மட்டுமே இந்த இயந்திரத்துக்கு வேலை உண்டு. உறையைப் படிக்கச் செலவு ஒன்றுமில்லை. முதற்படி அதுவே.

எந்தப் பருவத்திலும் வேலை செய்யுமா?

இதுதான் நம் ஊருக்கு உயிர்நாடியான கேள்வி. பிரசுரத்திலுள்ள படத்தைப் பார்த்தோம். சுழலும் கிண்ணம், அதன் குறுக்கே ஒரு தடுப்பு, கீழே ஒரு சூடேற்றி, ஒரு சிறு விசிறி. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் இயந்திரங்களில் மிகப் பரவலான அமைப்பு இது. சூடாக்கச் சூடேற்றி இருக்கிறது. குளிர்விக்க என்ன இருக்கிறது? விசிறி மட்டுமே.

விசிறி காற்றை நகர்த்தும்; காற்றின் வெப்பநிலையைக் குறைக்காது. நமக்கு விசிறிக் காற்று குளுமையாக இருப்பதற்குக் காரணம் நம் வியர்வை ஆவியாவதே. சாக்லெட்டுக்கு வியர்க்காது. ஆகவே அதை அறையின் வெப்பநிலை வரைக்கும்தான் விசிறியால் இறக்க முடியும்.

மாணவர்கள் நியூட்டனின் குளிர்தல் விதியை ஆய்வகத்தில் செய்து பார்த்திருப்பார்கள். ஒரு பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சித்திரை மாதத்து அறை 35 டிகிரி என்றும், கிண்ணத்துச் சாக்லெட் 47 டிகிரி என்றும் கொள்வோம். வேறுபாடு 12. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இவ்வேறுபாடு பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால், பத்தாவது நிமிடத்தில் 41 டிகிரி, இருபதில் 38, முப்பதில் 36.5, நாற்பதில் 35.75. விசிறியின் வேகத்தைக் கூட்டினால் 35 டிகிரியை விரைவில் நெருங்கலாம். அதைத் தாண்டிக் கீழே இறங்க வழியே இல்லை. ஐந்தாம் வகைப் படிகம் உருகுவது 33.8 டிகிரியில் அல்லவா? அப்படியானால் அந்த அறையில் இரவெல்லாம் இயந்திரத்தைச் சுழலவிட்டாலும் நமக்கு வேண்டிய விதை ஒன்றுகூடப் பிழைக்காது.

இதே இயந்திரம் 20 டிகிரி அறையில் செம்மையாக வேலை செய்யும். குளிர்நாடுகளில் பாதி வேலையை அறையே செய்துவிடுகிறது. பெயர் மட்டும் இயந்திரத்துக்கு. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலும் 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகையிலும் வீட்டுச் சாக்லெட் தொழில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். கோகோ மரம் பொள்ளாச்சித் தென்னந்தோப்பின் வெக்கையில் நன்றாக வளர்கிறது. அதன் கொட்டையிலிருந்து செய்யும் பண்டம்தான் குளுமையைக் கேட்கிறது.

நம்மிடம் விசிறியைவிடச் சிறந்த குளிர்விப்பான் ஒன்று ஏற்கனவே இருக்கிறது: மண்பானை. காற்று 36 டிகிரியாகவும் ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காடாகவும் இருக்கும் வறண்ட கோடையில் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரிதான். பானைத் தண்ணீர் அந்த அளவை நெருங்கும். சாக்லெட் கிண்ணத்தின் அடியை அத்தண்ணீரில் நிறுத்திக் கிளறினால் 28 டிகிரியைத் தொட்டுவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தெறித்தாலும் சாக்லெட் கட்டிதட்டிப் பாழாகும் என்பதால் மிகுந்த கவனம் வேண்டும்.

ஆனால் பதமாக்கிய பிறகும் தொல்லை தீரவில்லை. அச்சில் ஊற்றியது உறைய வேண்டும். அதற்கு 20 டிகிரியை ஒட்டிய இடம் வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து எடுக்கலாம். எடுத்ததும் வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. அறை 34 டிகிரியும் ஈரப்பதம் 40 விழுக்காடும் இருந்தால் பனிநிலை 18.5 டிகிரி. ஐப்பசி மழைக்காலத்தில், 28 டிகிரியும் 85 விழுக்காடும் இருக்கும் நாளில், பனிநிலை 25 டிகிரிக்கும் மேல். குளிர்பெட்டியிலிருந்து வரும் சாக்லெட் இவ்விரு நாட்களிலும் வியர்த்துவிடும். அந்த ஈரத்தில் கரைந்த சர்க்கரை காய்ந்து வெள்ளையாகப் படியும். இது சர்க்கரைப் பூப்பு. மூடிய டப்பாவுக்குள் வைத்தே குளிர்வித்து, டப்பா அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறப்பது ஒன்றே தடுப்பு. இவ்வளவும் கடந்து கடைக்குப் போன சாக்லெட், கத்திரி வெயிலில் 38 டிகிரிக் கடையில் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விசிறிக்குப் பதில் குளிர்பெட்டியில் உள்ளதுபோன்ற குளிரூட்டும் அமைப்பு பொருத்திய இயந்திரங்களும் இருக்கின்றன. அவை பதமாக்கும் பகுதியை வெல்லும். விலையும் அளவும் வீட்டைத் தாண்டியவை. அவையும் நாம் சாக்லெட்டை ஊற்றும் அறையைக் குளிர்விப்பதில்லை.

பொத்தானை அழுத்தினால் போதுமா?

மூன்றாவது வாக்குறுதியில் பாதி உண்மை உண்டு. சலிக்காமல் கிளறுவதிலும், பதமான சாக்லெட்டை 31 அல்லது 32 டிகிரியிலேயே மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பதிலும் மனிதக் கையைவிட இயந்திரம் மேல். நாளொன்றுக்குப் பல கிலோ செய்பவருக்கு அது பெரிய உதவி. அதை மறைப்பது நியாயமன்று.

ஆனால் மேற்கண்ட எண்களின்படி வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருப்பது இரண்டு, மூன்று டிகிரிதான். இயந்திரத்தின் வெப்ப உணரி இரண்டு டிகிரி தவறாகக் காட்டினால் எல்லாம் வீண். ஆகவே வாங்க நினைப்பவர் கடையில் கேட்க வேண்டியவை சில. உணரி சாக்லெட்டுக்குள் மூழ்கியிருக்கிறதா, கிண்ணத்தின் அடியில் இருக்கிறதா? அடியிலிருந்தால் அது அளப்பது கிண்ணத்தின் சூட்டை. பத்தில் ஒரு டிகிரி வரை காட்டுமா? காட்டும் எண்ணைத் திருத்தியமைக்க வழி உண்டா? மிகக் குறைந்த அளவாக எவ்வளவு சாக்லெட் போட வேண்டும்? நடுவில் மின்சாரம் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? பெல்ட்டோ மோட்டாரோ பழுதானால் சிவகாசியிலோ விருதுநகரிலோ சரிசெய்ய ஆள் உண்டா? கிரைண்டருக்கு இருக்கிறார், இதற்கு?

பிரசுரத்தில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்து இவற்றையே கேட்டோம். “எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்” என்பதே எல்லாக் கேள்விக்கும் விடையாகக் கிடைத்தது.

முடிவாக...

என் மதிப்பீடு இது. 20 முதல் 22 டிகிரி வரையுள்ள அறை இருக்கிறது, தூய கோகோ வெண்ணெய்ச் சாக்லெட்டையே உபயோகிக்கிறார், கையால் பதமாக்கிப் பழகிவிட்டார், கை வலிக்கும் அளவுக்கு ஆர்டர் வருகிறது என்றால் அவர் இந்த இயந்திரத்தைத் தாராளமாக வாங்கலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பணம் வீண். 42,000 ரூபாயில் ஒரு சிறு அறைக்குக் குளிர்சாதனம் பொருத்திவிடலாம். குளிர்ந்த அறை கிடைத்துவிட்டால் ஒரு கிண்ணமும் கரண்டியும் வெப்பநிலைமானியும் அதே வேலையைச் செய்யும். ஆகவே நம் ஊரில் முதல் இயந்திரம் அறைதான். பிரசுரம் சொல்லாமல் விட்டதும் அதுவே.

மாணவி கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். சில நூறு ரூபாய்க்கு முள் போன்ற உணரியுள்ள மின்னணு வெப்பநிலைமானி ஒன்று வாங்கினார். உருகும் பனிக்கட்டியில் வைத்து அது பூச்சியம் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்தோம். கோடை முழுவதும் காம்பவுண்டை மட்டும், எதுவும் கலக்காமல், காம்பவுண்டு என்று உறையில் எழுதியே விற்றார். பிறகு மார்கழி வந்தது. அலமாரியில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிய ஓர் அதிகாலையில், அறை 24 டிகிரி இருந்தபோது, அரைக்கிலோ நல்ல சாக்லெட்டை எடுத்துக்கொண்டார். அதில் முக்கால் பங்கை 46 டிகிரிக்கு உருக்கி, 34 டிகிரிக்கு ஆறவிட்டு, மீதிக் கால் பங்கைத் துருவிச் சிறிது சிறிதாகச் சேர்த்து 31 டிகிரி வரும்வரை கிளறினார். துருவலில் ஏற்கனவே ஐந்தாம் வகைப் படிகம் இருப்பதால் அதுவே விதையாகிறது. கத்தி முனையில் தோய்த்துப் பார்த்ததில் சில நிமிடங்களில் பளபளப்பாக உறைந்தது. அச்சில் ஊற்றி, டப்பாவில் மூடி, சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தார்.

அன்று காலை ஒரு துண்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் காதருகே ஒடித்துக் காட்டினார். பிறகு அதைத் தேதி எழுதிய டப்பாவில் வைத்தோம். இதை எழுதும் தை மாதத்தில், நான்கு வாரம் கழித்தும், அது பூக்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நம்பிவிட வேண்டாம், செய்து பாருங்கள். நூறு கிராம் சாக்லெட்டை உருக்கி, பானைத் தண்ணீரில் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். வளைகோடு ஓரிடத்தில் இறங்காமல் தயங்கும். சில வேளை சற்று ஏறவும் செய்யும். படிகங்கள் பிறக்கும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும் இடம் அது. பாடநூலில் நெட்டுருச் செய்த சொல் கண்முன் நடப்பதைக் காண்பீர்கள். சோதனை முடிந்ததும் பொருளைத் தின்றுவிடலாம்.